குண்டு விழுந்த தூரம்: தேவனாம்பட்டினத்து வீடுகளுக்கு ரோபோ துடைப்பம் தேர்வது குறித்த ஆய்வு

தரை பெருக்கும் ரோபோ வீட்டுக்குள் வந்ததும் பெருக்குவதில்லை, அளக்கிறது. தலைமேல் சிறு கோபுரம்போல் இருக்கும் லேசர்க் கண்ணைச் சுழற்றி நாலு திக்கிலும் ஒளியை எய்து, அது எங்கே முட்டித் திரும்புகிறதோ அதுவரை தன் எல்லை என்று குறித்துக்கொள்கிறது. இது இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? இம்முறை 1690-லேயே கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் செயல்படுத்தப்பட்டுவிட்டது.

அந்த ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. எலிஹு யேல் சென்னையில் கவர்னராக இருந்த காலம். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அதுவரைக்குமான நிலமும் சேர்த்தி என்பது பேரம். பல திசையிலும் சுட்டார்கள். கடலூர் உட்பட சுற்றுப்பட்ட ஊர்களெல்லாம் கம்பெனி கைக்குப் போயின. கோட்டைக்குப் புனித டேவிட் என்று பெயர் வைத்தார்கள். ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயர் நிலைத்தது. கடலூரில் குண்டு சாலை இன்றும் இருக்கிறது. லேசர் சுவரைக் கண்டால் நிற்கும், குண்டு நிற்காது என்ற ஒரு வேறுபாட்டைத் தவிர, இரண்டும் ஒரே கோட்பாடு.

முன்னாய்வு என்று ஒன்று இல்லாமல் ஆய்வேடு செல்லாது என்பதால் இங்கே ஒரு பத்தி. இவ்வட்டாரத்தில் தரைத் தூய்மையின் ஆதி அறிஞர் திலகவதியார். கெடிலக் கரையில், திருவதிகைக் கோயிலை நாள்தோறும் பெருக்கி மெழுகியவர் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் தம்பி அப்பர் கையில் உழவாரப்படை. ஒருவர் உட்புறம், ஒருவர் புல் முளைத்த வெளிப்புறம் என்னும் இந்தப் பணிப் பகிர்வை எந்த ரோபோவும் இன்னும் எட்டவில்லை. மேலைநாட்டில் 1901-ல் ஹியூபர்ட் சிசில் பூத் காற்றை உறிஞ்சும் எந்திரம் செய்தார். அதைக் குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, சன்னல் வழியாகக் குழாயை உள்ளே விட்டார்கள். ரோபோக்களில் எலெக்ட்ரோலக்ஸின் டிரைலோபைட் 2001-லும், ஐரோபோட்டின் ரூம்பா 2002-லும் கடைக்கு வந்தன. முன்னாய்வு முற்றிற்று.

இனி மணல். இக்கட்டுரையின் உயிர் இதுதான். இந்தக் கருவிகள் அனைத்தும் தூசுக்காகப் பிறந்தவை. இவ்வூர் வெள்ளிக் கடற்கரையை ஒட்டிய வீட்டில் தூசு ஒரு சிறுபான்மை. கொண்டல் அடித்தால் மணல் சன்னல் வழியாக வரும். அடிக்காத நாளில் பிள்ளைகளின் டவுசர்ப் பையில் வரும். கருவியின் பெட்டிமேல் 4,000 பாஸ்கல், 8,000 பாஸ்கல், அதற்கும் மேல் என்று போட்டிருப்பார்கள். வாங்க வருபவர் அந்த எண்ணைப் பார்த்து மயங்குவது இயல்பு. பாஸ்கல் என்பது காற்றை அடைத்துவைத்தால் எவ்வளவு இழுவை இருக்கும் என்பதைச் சொல்லும். எவ்வளவு காற்று உண்மையில் ஓடுகிறது என்பதைச் சொல்லாது. தரை ஓடுகளுக்கு இடையிலுள்ள சந்தில் உட்கார்ந்துகொண்ட மணலுக்கு இழுவையைவிடச் சுழலும் பிரஷ் முக்கியம். அந்தப் பிரஷ்ஷில்தான் வலை நரம்பும் மல்லிகைப்பூ நாரும் தலைமுடியும் சேர்ந்து கயிறு திரிக்கும். ஆகவே பிரஷ்ஷைத் திருகாணி கழற்றாமல் கையாலேயே உருவ முடியுமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பாஸ்கலை அவராகவே சொல்வார்.

அடுத்தது குப்பைப் பெட்டி. 400 மில்லிலிட்டர் என்றால் தாராளம் என்பது பொதுக் கருத்து. தூசுக்கு அது சரி. உலர்ந்த மணல் அதே இடத்தில் அறுநூறு கிராம் சொச்சம் எடை வரும். அதைச் சுமந்துகொண்டு கருவி கூடத்தில் ஊர்வதைப் பார்த்தால் ரேஷன் கடையிலிருந்து திரும்புவது போலிருக்கும்.

நிலைப்படிக்கு வருவோம். பெரும்பாலான கருவிகள் 2 சென்டிமீட்டர் உயரம் ஏறும். அதாவது முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அண்மையில் சில விலையுயர்ந்த வகைகள் கால் முளைத்து 4 சென்டிமீட்டருக்கு மேலும் ஏறுகின்றன. நம் பழைய மர நிலைகள் இந்த இரண்டு கணக்கையும் மதித்துச் செய்யப்பட்டவை அல்ல. முன் சக்கரம் ஏறி, பின் சக்கரம் ஏறாமல், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் கருவி தொங்கும். இந்நிலையின் தத்துவத்தைப் பக்கத்துச் சிங்கிரிகுடி நரசிம்மரை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரணியனின் கதையும் இதே இடத்தில்தான் முடிந்தது. அங்குல நாடா ஒன்றை எடுத்து வீட்டின் எல்லா நிலைகளையும் அளந்த பிறகே கடைக்குப் போக வேண்டும் என்பது இவ்வாய்வின் முதன்மைப் பரிந்துரை. அப்படியே பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடியையும் அளந்துகொள்ளலாம். கோபுரம் வைத்த கருவி பத்து சென்டிமீட்டருக்கு அருகில் உயரம் இருக்கும்; புகுந்து மாட்டிக்கொண்டால் இழுக்க ஒட்டடைக் கம்பு வேண்டும்.

கடப்பைக் கல் பதித்த அடுப்படி தனி வகை. படியிலிருந்து உருண்டு விழாதிருக்கக் கருவியின் வயிற்றில் அகச்சிவப்பு உணரிகள் உண்டு. ஒளி திரும்பி வராவிட்டால் கீழே பள்ளம் என்று பொருள். கறுத்த கல் ஒளியைக் குடித்துவிடுகிறது. எனவே அடுப்படி வாசலில் பாதாளத்தைக் கண்டதுபோல் பின்வாங்கும். வீட்டில் ஆண்களுக்கும் அடுப்படி வாசலில் இதே அறிகுறி தென்படுகிறது. அவர்களுக்கு உணரி எங்கிருக்கிறது என்பது ஆராயத்தக்கது.

ஈரத்துணி போட்டுத் துடைக்கும் வகைகளில் தண்ணீர்த் தொட்டி கால் லிட்டர் அளவில்தான் இருக்கும். பினாயில் ஊற்றாதே என்று கையேடு எச்சரிக்கும். பினாயில் வாசனை வராத தரையைத் துடைத்த தரை என்று ஒப்புக்கொள்ளும் மாமியார் இவ்வாய்வின் எல்லைக்குள் அகப்படவில்லை.

நேரம் குறித்த சிக்கல் களத்தில் தெளிவாக வெளிப்பட்டது. அலுவலகம் விட்டு வரும் நேரத்தைக் கணக்கிட்டு மாலை ஆறே முக்காலுக்குக் கருவியை முடுக்கி வைத்திருந்த ஒரு வீட்டில் பதிவான உரையாடல்:

“டேய், வெளக்கு வெச்ச பொறவு பெருக்குதே இது, யாரு சொல்லிக் குடுத்தது?”

“ஆயா, அதுக்கு டைம் நான்தான் வெச்சேன்.”

“அப்ப லட்சுமிய வெளிய தொரத்துனது நீதான்.”

இதன்பின் நேரம் காலை ஒன்பதுக்கு மாற்றப்பட்டது. ஆனால் ஊருக்குப் போகிறவர் வாசல் தாண்டியதும் பெருக்கக் கூடாது என்ற விதியும் இருப்பதால், விருந்தாளி பேருந்து ஏறும் வரை கருவியை நிறுத்திவைக்கும் பொத்தான் ஆயாவின் கைக்கெட்டும் இடத்தில் இருப்பது நலம். செயலியில் மட்டுமே நிறுத்த முடியும் என்றால் அந்தக் கருவி வேண்டாம்.

மீண்டும் குண்டுக்கு வருகிறேன், ஏனெனில் அது இன்னும் விழுந்து முடியவில்லை. கருவி வரைந்த வரைபடம் பெரும்பாலும் வீட்டோடு நிற்பதில்லை. நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. கேமரா வைத்த வகை என்றால் படமும் சேரும். 2020-ல் பணம் பெற்றுச் சோதனைக்கு இசைந்தவர்களின் வீடுகளில் ரூம்பா எடுத்த படங்கள், கழிவறையில் இருந்த பெண்ணின் படம் உட்பட, அவற்றைப் பார்த்துக் குறியிடும் ஒப்பந்தக் கூலியாட்கள் வழியே இணையத்தில் கசிந்தது 2022-ல் செய்தியானது. அதே ஆண்டு ஐரோபோட் நிறுவனத்தை 170 கோடி டாலருக்கு வாங்க அமேசான் முன்வந்தது. ஐரோப்பியக் கட்டுப்பாட்டாளர்கள் முகம் சுளிக்க, 2024 ஜனவரியில் பேரம் முறிந்தது. கோட்டையை விற்கும்போது கூடவே எவ்வளவு நிலம் போகும் என்று கேட்காததன் விலையை இந்த ஊர் ஒருமுறை கொடுத்திருக்கிறது. ஆகவே கேமரா இல்லாத லேசர் வகையே தேவனாம்பட்டினத்துக்குத் தகும். வைஃபை இல்லாமலும் பொத்தானை அழுத்தினால் ஓடுமா என்று பார்த்து வாங்குவது இன்னும் நல்லது.

மாசி மகத்தன்று சுற்றூர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்கு இங்கே கடலுக்கு வருவார்கள். அவர்களோடு வரும் உறவினர் அனைவரும் காலோடு கடற்கரையைக் கொண்டுவருவார்கள். அன்று கருவியைப் பரண்மேல் ஏற்றிவிட்டு ஈர்க்குச்சித் துடைப்பத்தை எடுப்பதே முறை. எந்த விலையிலுள்ள கருவிக்கும் இவ்விதி பொருந்தும்.

ஆயுத பூசையில் கருவிக்கு இடம் உண்டா என்ற வினா கடைசியாக எழுந்தது. உண்டு, அரிவாள்மனைக்கும் மிக்சிக்கும் நடுவில். சந்தனம் குங்குமம் இடும்போது மட்டும் கவனம் தேவை. பொட்டைக் கோபுரத்தின் உச்சியில் வைக்கலாம். பக்கவாட்டில், லேசர் எட்டிப் பார்க்கும் இடத்தில் வைத்தால், மறுநாள் வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு சுவர் கூடியிருக்கும்.