ஒரு நிமிஷம் குடுங்களேன்

இவர் ஒயர்லெஸ் மவுஸ் வாங்கப் போகிறார். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே வாங்கப் போகிறார். வாங்காததைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை. அவர் பணம், அவர் இஷ்டம். ஆனால் வாங்குவதற்கு முன் ஆபீஸில் உள்ள மவுஸையெல்லாம் ஒரு தடவை கையில் பிடித்துப் பார்த்துவிடுவது என்று விரதம் எடுத்திருக்கிறாரே, அதுதான் தொல்லை. நீங்கள் மாதக் கடைசிக் கணக்கில் மூழ்கியிருப்பீர்கள். தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வரும். "ஒரு நிமிஷம் குடுங்களேன், புதுசா?" என்ற கேள்வி, கை மவுஸைத் தூக்கிய பிறகுதான் வரும். உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அடியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தை வாய்விட்டுப் படிப்பார். பல ஒயர்லெஸ் மவுஸ்களின் அடியில் சிவப்பு வெளிச்சம் தெரியாது. அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்கு எட்டுவதில்லை. இவர் செல்போனை எடுத்து, செல்ஃபி கேமராவை அந்தத் துளைக்கு நேரே பிடித்து, திரையில் மங்கலாக மினுக்கும் புள்ளியைக் காட்டி, "பாத்தீங்களா, உயிர் இருக்கு" என்பார். அடுத்து மூடியைக் கழற்றி, பென்சில் பேட்டரியை விரலால் ஒரு சுற்று உருட்டி, எந்தக் கம்பெனி என்று பார்த்து மூடுவார். காதருகே வைத்து இடது பட்டனில் நாலு தட்டு, வலதில் நாலு தட்டு. பிறகு சக்கரத்தில் ஒரு சுழற்று. அந்தச் சுழற்றில் நீங்கள் இருந்த எக்செல் வரிசை எங்கோ போயிருக்கும். எக்செல்லில் பத்து லட்சத்துக்கு மேல் வரிசைகள் உண்டு, தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

இதோடு விட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. செட்டிங்ஸைத் திறப்பார். 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று விண்டோஸில் ஒரு கட்டம் இருக்கிறது. அதிலுள்ள டிக்கை எடுத்துவிட்டு, "இது இருந்தா மவுஸ் பொய் சொல்லும் மேடம், இனிமே உண்மை பேசும்" என்பார். அந்தக் கட்டம் செய்வது சாதாரண வேலை. கை மெதுவாக நகர்ந்தால் அம்பு இன்னும் நிதானமாகப் போகும், கை வேகமாக வீசினால் அம்பு கூடுதலாகத் தாவும். துப்பாக்கி விளையாட்டு ஆடுகிறவர்களுக்கு இது ஆகாது. இத்தனை அங்குலம் கை போனால் இத்தனை தூரம் அம்பு போக வேண்டும் என்று கையைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். வவுச்சர் போடுகிற அம்மாவுக்கு அந்தத் தாவல்தான் சௌகரியம், வருடக்கணக்கில் அதற்கே கை பழகியிருக்கிறது. இவர் 'உண்மை பேச' வைத்த பிறகு அன்று முழுக்க அம்பு ஒன்று எட்டாமல் நிற்கும், இல்லையென்றால் தாண்டிப் போகும். வேகத்தை வேறு, பதினொரு கோட்டில் சரியாக ஆறாவது கோட்டில் கொண்டுபோய் வைத்திருப்பார். மவுஸைத் திருப்பிக் கொடுக்கும்போது தீர்ப்பு: "ம்... பரவால்ல." எல்லா மவுஸுக்கும் இதே தீர்ப்புதான். சந்தையில் கடை கடையாக வெண்டைக்காய் முனையை ஒடித்துப் பார்த்துவிட்டு ஒரு காய்கூட வாங்காமல் நடக்கிறவரைப் போல, தன் இடத்துக்குப் போய், கம்ப்யூட்டரோடு வந்த பழைய ஒயர் மவுஸைப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்.

இத்தனை சோதனையிலும் இவர் தேடுவது ஒரே எண், டிபிஐ. மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் அம்பு எத்தனை புள்ளி நகரும் என்பதற்கான கணக்கு அது. எண் பெரிதாக இருந்தால் மவுஸ் நல்ல மவுஸ் என்பது இவர் சித்தாந்தம். சிலேட்டில் போட்டுப் பார்க்கலாம். நம்மில் பெரும்பாலோர் முன்னால் இருக்கும் திரையின் அகலம் 1920 புள்ளி. 1000 டிபிஐ மவுஸை இரண்டு அங்குலம்கூட நகர்த்த வேண்டாம், அம்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். 8000 டிபிஐ என்றால் கால் அங்குலம் போதும். கால் அங்குலத்துக்குள் திரை முழுவதையும் அடக்கிவிட்டு, செல்லின் ஓரத்திலுள்ள மெல்லிய கோட்டைப் பிடித்து இழுக்கச் சொன்னால் எந்தக் கையால் முடியும்? அதனால்தான் 8000 டிபிஐ மவுஸ் வாங்கியவர்களும் அதைக் குறைத்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். "ரெண்டு மானிட்டர் போட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. இரண்டையும் சேர்த்தால் 3840 புள்ளி. 1000 டிபிஐயில் நாலு அங்குலத்துக்குள் முடிந்துவிடும். சின்ன மவுஸ் பேடு கூட அதைவிட அகலம். டிபிஐக்கு அடுத்து, மவுஸ் நொடிக்கு எத்தனை தடவை தன் இருப்பிடத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்ற கணக்கைக் கொண்டுவருவார். சாதாரண மவுஸ் 125 தடவை சொல்லும், அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. சாதாரண மானிட்டர் படத்தைப் புதுப்பிப்பது நொடிக்கு 60 தடவைதான். மானிட்டர் ஒரு தடவை மாறுவதற்குள் மவுஸ் இரண்டு தடவை சொல்லி முடித்திருக்கிறது. அதை ஆயிரம் தடவை சொல்ல வைத்தால் ஜிஎஸ்டி ரிட்டர்ன் சீக்கிரம் ஏறிவிடாது.

நல்ல மவுஸ் இருந்தால் வேலை வேகமாக நடக்கும் என்பதற்கு எதிராக இன்னும் பழைய சாட்சி ஒன்று உண்டு. ஓர் இடத்தைக் குறிபார்த்துத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்பது, அந்த இடம் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்று 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1978இல் ஸெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்டும் மற்ற இருவரும் மவுஸ், ஜாய்ஸ்டிக், அம்புக்குறி விசைகள் முதலானவற்றை வைத்துச் சோதித்தார்கள். மவுஸ் ஜெயித்தது. அதன் வேகம், வெறும் கையை நீட்டித் தொடுகிற வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்பதையும் சொன்னார்கள். அந்த மூவரில் ஒருவர் பில் இங்கிலீஷ். 1964இல் டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைக்கு மரக்கட்டையில் உருக்கொடுத்து முதல் மவுஸைச் செய்தவரே அவர்தான். ஆக, தாமதம் நம் கையில் இருக்கிறது. கருவி அதை எப்போதோ எட்டிப் பிடித்துவிட்டது. வேகம்தான் வேண்டுமென்றால் கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-வி பழகினால் ஆயிற்று. செலவும் இல்லை. ஆனால் அதை உள்ளங்கையில் வைத்து எடை பார்க்க முடியாதே.

நாளுக்கு எட்டு மணி நேரம் கையில் இருக்கிற பொருளை யோசித்து வாங்குவது தப்பா, மணிக்கட்டு வலி வந்தால் யார் பொறுப்பு என்று இவர் பக்கத்திலிருந்து யாராவது கேட்கலாம். யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் யோசிக்க வேண்டியது எதுவும் பெட்டியில் அச்சாகியிருப்பதில்லை. உங்கள் கை நீளமா குட்டையா, முழு உள்ளங்கையையும் படுக்க வைத்துப் பிடிக்கிறீர்களா, விரல் நுனியால் நகர்த்துகிறீர்களா, இடது கைக்காரரா என்பதெல்லாம் உங்கள் கைக்கு மட்டும் தெரிந்த விஷயம். அடுத்தவர் மவுஸில் அரை நிமிஷம் வைத்துப் பார்த்தால் தெரியாது. ஒரு வாரம் வேலை செய்தால் தெரியும். இவர் மருத்துவமும் பார்க்கிறார் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். யாராவது விரலில் நெட்டி முறித்தால் போதும், "வெர்ட்டிகல் மவுஸ் வாங்கிடுங்க சார், 57 டிகிரி சாய்வு" என்று சீட்டு எழுதிவிடுவார். சாய்வு மவுஸ் பலருக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. அதற்காக அது மருந்தாகிவிடாது. மணிக்கட்டு நரம்பு அழுத்த நோய் உள்ளவர்களை வைத்து 2015இல் வெளியான ஓர் ஆய்வில், சாய்வு மவுஸால் மணிக்கட்டின் நிலை மாறியது, உள்ளே இருந்த அழுத்தம் குறையவில்லை. பல சமயம் கோளாறு மவுஸில் இருப்பதே இல்லை. கீபோர்டின் வலது பக்கம் நம்பர் விசைகள் இருப்பதால் மவுஸ் ஒரு சாண் தள்ளிப் போய், கை நாள் முழுக்க விரிந்தபடியே கிடக்கிறது. மவுஸை இடது பக்கம் மாற்றிக்கொண்டால் ஒரு வாரம் கிறுக்கல், அப்புறம் பழகிவிடும். இதற்குக் காசு இல்லை என்பதால் இவர் சொல்லவும் மாட்டார்.

விலை கூடிய மவுஸ் எல்லாம் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. லாஜிடெக்கின் எம்எக்ஸ் மாஸ்டர் 3எஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 141 கிராம் எடை, கனம்தான். ஆனால் அதன் சக்கரம் காந்தத்தால் ஓடுகிறது. ஒரு சுண்டு சுண்டினால் நொடிக்கு ஆயிரம் வரி. நீளமான தாளில் நாளெல்லாம் மேலும் கீழும் போகிறவருக்கு அது உண்மையான வசதி. அந்தப் பணத்தைக் கொடுக்கிறவர் சக்கரத்துக்காகக் கொடுக்கட்டும், 8000 டிபிஐக்காக வேண்டாம். நமக்கெல்லாம் மலிவு விலை மவுஸே யதேஷ்டம். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறினால் ஆபீஸிலேயே இவர் ஒருவருக்குத்தான் காரணம் தெரியும். நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால், அது கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது. மவுஸுக்காகக் கம்ப்யூட்டரில் செருகுகிற குட்டி டாங்கிள் பேசுவதும் அங்கேதான். இன்டெல் 2012லேயே இதை எழுதி வெளியிட்டது. இவர் மேஜைக்கு அடியில் குனிந்து, பின்பக்கம் செருகியிருந்த டாங்கிளை உருவி, பையிலிருந்து ஒரு சாண் எக்ஸ்டென்ஷன் ஒயரை எடுத்துப் போட்டு, மவுஸ் பக்கத்திலேயே கொண்டுவந்து வைப்பார். அம்பு வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ஒயரைத் திருப்பியும் கேட்க மாட்டார். அந்த நேரத்தில் மனிதர் மேல் ஒரு பிரியம் வரத்தான் செய்கிறது. உடனே, ஆப்பிள்காரன் 2015இல் மேஜிக் மவுஸுக்கு வயிற்றில் சார்ஜிங் ஓட்டை வைத்தான், 2024இல் யூஎஸ்பி-சிக்கு மாறியும் வயிற்றிலேயே வைத்தான் என்று, தன் வீட்டுப் பங்காளிச் சண்டையைச் சொல்கிற ஆவேசத்தோடு ஆரம்பிப்பார். பிரியம் போய்விடும்.

இவ்வளவையும் சிரித்துக்கொண்டே தாங்கலாம், நிர்வாகம் மட்டும் இவரிடம், "ஆபீஸுக்கு இருபது மவுஸ் வேணும், உங்களுக்குத்தான் தெரியும், பாத்து வாங்குங்க" என்று சொல்லாமல் இருந்தால். சொல்லிவிடுகிறார்கள். மூன்று கொட்டேஷன் வரும், நாலாவது கேட்பார். புது மாடல் வருகிறது, பொறுங்கள் என்பார். வந்தால், பண்டிகைத் தள்ளுபடி வரட்டும் என்பார். இதற்கிடையில் கணக்குப் பிரிவில் ஒருவருடைய மவுஸ், ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்துகிறது. ஒரு ஃபைலைத் திறந்தால் இரண்டு திறக்கிறது. இழுத்துக்கொண்டு போகிற ஃபைல் பாதி வழியில் வேறு ஃபோல்டரில் விழுந்துவிடுகிறது, அப்புறம் அரை மணி நேரம் தேடல். பட்டனுக்குக் கீழே உள்ள ஸ்விட்சின் மெல்லிய உலோகத் தகடு தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். அந்த ஸ்விட்சுக்கு ஒரு கோடி, இரண்டு கோடி கிளிக் என்று ஆயுள் போடுவார்கள். ஒரு நாளைக்கு ஐயாயிரம் தடவை அழுத்துகிறவருக்கு ஒரு கோடி என்பது 2000 வேலை நாள், அதுவும் சொன்னபடி உழைத்தால். டிபிஐ தேய்ந்து போன மவுஸ் உலகத்தில் கிடையாது. ஸ்விட்ச் தேயாத மவுஸும் கிடையாது. அப்படியிருக்க, இவர் போட்டு வைத்திருக்கும் பதினெட்டு நெடுவரிசை ஒப்பீட்டுத் தாளில் வாரண்டிக்கு ஒரு நெடுவரிசை இல்லை. ஒரு வருடத்தோடு கைகழுவுகிற மவுஸும் இருக்கிறது, மூன்று வருடம் பொறுப்பேற்கிற மவுஸும் இருக்கிறது, இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம்கூட இல்லை. அந்தக் கணக்குப் பிரிவுக்காரருக்கு உள்ளங்கை சின்னது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற சின்ன மவுஸ் போதும். யாராவது ஒருவர் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய், மூன்று வருட வாரண்டி உள்ளதாக ஒன்றை இன்றைக்கே வாங்கிக்கொண்டு வந்து அவர் மேஜையில் வைத்துவிட்டால் நல்லது. டாங்கிளை முன்பக்கம் செருகட்டும். பெட்டியை மட்டும் இவர் கண்ணில் படாமல் கிழித்துப் போட்டுவிட வேண்டும்.