முதல் சர்வரோடு முடிந்த கணக்கெடுப்பு

ஆபீஸில் இருக்கிற லினக்ஸ் சர்வர்களில் எதில் எவ்வளவு ராம், எந்தக் கெர்னல் ஓடுகிறது, சீரியல் நம்பர் என்ன என்று ஆடிட்டுக்கு ஒரு பட்டியல் கேட்டார் மேனேஜர். ஒவ்வொன்றாக லாகின் செய்து பார்த்து எழுதியிருந்தால் சாயங்காலத்துக்குள் முடிந்திருக்கும். அதெல்லாம் ஜூனியர்கள் செய்கிற வேலை. "ஸ்கிரிப்ட் போட்டா அஞ்சு நிமிஷம் சார்" என்றேன்.

சர்வர் பெயர்களை ஒரு ஃபைலில் வரிசையாக எழுதி, வொயில் ரீட் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் விவரம் வாங்கி வரவேண்டும். ஓட விட்டேன். முதல் சர்வரின் விவரம் அட்சர சுத்தமாக வந்தது. அத்தோடு நின்றது. எரர் கிடையாது. எக்ஸிட் கோடு பூஜ்யம். அதாவது வேலை முடிந்ததாம்! ஃபயர்வால்காரர்களின் வேலைதான் இது என்று முடிவுகட்டி ஒரு காட்டமான மெயில் தட்டினேன். ஃபயர்வால் தடுத்திருந்தால் டைம்அவுட் என்றாவது வந்திருக்குமே என்பது, மெயில் போன பிறகுதான் உறைத்தது.

எஸ்எஸ்ஹெச்சின் சுபாவம் அப்படி. ஸ்டாண்டர்ட் இன்புட்டில் என்ன கிடைத்தாலும் உறிஞ்சி அந்தப் பக்கம் அனுப்பிவிடும். லூப்புக்கு இன்புட்டே என் பட்டியல்தானே? மிச்சப் பெயர்கள் மொத்தமும் முதல் சர்வருக்கே போய்விட்டன, பந்தியில் முதல் இலையிலேயே பாயசத்தைக் கவிழ்த்த மாதிரி. மைனஸ் என் என்று சேர்த்தால் தீர்ந்தது. மேன் பேஜில் அது பாட்டுக்கு இருக்கிறது. மேன் பேஜை நான் ஜூனியர்களுக்குத்தான் சிபாரிசு செய்வது.

ராம் விஷயத்தில் வேறு மானம் போனது. ஃப்ரீ கமாண்டில் 'ஃப்ரீ' என்ற பத்தியை மட்டும் உருவி, எல்லா சர்வரும் மூச்சுத் திணறுவதாகச் சிவப்பு அடித்துக் கொடுத்தேன். சும்மா கிடக்கும் மெமரியை லினக்ஸ் டிஸ்க் கேஷுக்கு எடுத்துக்கொள்ளும், தேவைப்பட்டால் திருப்பித் தரும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்'. 2014-இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து கெர்னலே அந்தக் கணக்கைப் போட்டுத் தருகிறது.

கடைசியாக சீரியல் நம்பர். அதை எடுத்துத் தரும் டிஎம்ஐடீகோடு கமாண்டுக்கு ரூட் வேண்டும். முதல் ஓட்டத்தில் பத்தி காலி. சூடோ போட்டதும் மளமளவென்று நிரம்பியது. திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். அசெம்பிள் செய்த மிஷின்கள் எல்லாவற்றுக்கும் நேரே, மதர்போர்டு செய்தவர்கள் மாற்றாமல் விட்ட அதே வாசகம்: 'டு பி ஃபில்ட் பை ஓஇஎம்'.

ஆடிட்டர் நிதானமாகக் கேட்டார்: "யாரு சார் இந்த ஓஇஎம்? இன்னும் ஃபில் பண்ணாம வெச்சிருக்காரே?" மேனேஜர் உடனே மினிட்ஸில் சேர்த்தார், ஓஇஎம்மிடம் ஃபாலோஅப் செய்யும் பொறுப்பு என்னுடையது என்று.