அனுபிஸின் தராசும் அரை டஜன் வர்க்கியும்

உதகமண்டலத்தில் ஃபிங்கர்போஸ்ட் என்றொரு பகுதி இருக்கிறது. கைகாட்டி மரத்துக்கு வெள்ளைக்காரர் வழங்கிய அந்தப் பெயரை எங்கள் ஊர் இன்றளவும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட ஸ்தலத்தில் இருபது வருஷமாக வாசம் செய்துவரும் எனக்கு, ஒருவரையொருவர் விரல் நீட்டிக் குற்றஞ் சாட்டுவதையே ஆதியும் அந்தமுமாகக் கொண்ட ஒரு விளையாட்டில், அதுவும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பேரன் பேத்திகளுக்கு நற்புத்தி சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய வயதில், ஈடுபாடு உண்டாயிற்று என்றால், அதை ஸ்தல மகிமை என்று கொள்ளலாமேயன்றி என் சுபாவ தோஷம் என்று கொள்ளலாகாது.

விளையாட்டை எங்கள் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவள் சென்னையில் சரித்திரம் படிக்கும் என் தங்கை மகள். 1986-ஆம் வருஷம் மாஸ்கோ சர்வகலாசாலையின் மனோதத்துவப் பிரிவைச் சேர்ந்த திமித்ரி டவிடாஃப் என்பவர் இதை உண்டாக்கி, 'மாஃபியா' என்று பெயர் சூட்டினாராம். ஊரார் பலர், கயவர் சிலர். கயவருக்கு ஒருவரையொருவர் தெரியும், ஊராருக்கு ஒருவரையும் தெரியாது. இரவில் கயவர் ஒருவரைக் கொல்வார்கள், பகலில் ஊர் கூடி விசாரித்து, பெரும்பான்மை வாக்கால் ஒருவரை வெளியேற்றும். வெளியேற்றப்படுபவர் அநேகமாக நிரபராதியாக இருப்பார். இதைக் கேட்டதும், "ராஜா ராணி மந்திரி திருடன் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டு நாங்கள் ஆடாததையா ருஷ்யாக்காரன் ஆடிவிட்டான்?" என்றேன். "அதில் ஒரு மந்திரிதான் மாமா தப்பாகச் சொல்வார். இதில் ஊரே தப்பாகச் சொல்லலாம்" என்றாள் அவள்.

சரித்திர மாணவியானபடியால் அவள் இந்த விளையாட்டுக்குப் புராதன எகிப்தின் வேஷத்தைப் போட்டிருந்தாள். கயவர்கள் பாரோக்களின் சமாதியைக் கொள்ளையிடும் கல்லறைத் திருடர்கள், வெளியேற்றப்பட்டவர் 'மம்மி', நீத்தாரின் இதயத்தை ஒரு தட்டிலும், மாஅத் என்னும் சத்திய தேவதையின் இறகை மறு தட்டிலும் இட்டு நிறுக்கும் குள்ளநரித் தலைத் தெய்வமான அனுபிஸ், இரவுக்கு ஒருவர் வீதம் நிறுத்துப் பார்த்து நல்லவரா திருடரா என்று அறியும் உரிமை பெற்றவர். யார் யாருக்கு என்ன வேஷம் என்பதை வாட்ஸ்அப்பில் தனித்தனியே அனுப்பிவிடுவாள். ஆட்டத்தின் ஓர் இரவு நம்முடைய ஓர் இரவு. சபை மறுநாள் ராத்திரி எட்டரை மணிக்குக் கைப்பேசியில் கூடும். கோயமுத்தூர், சென்னை, சிங்கப்பூர், ஊட்டி என்று நாலு ஊர்களிலிருந்து ஒன்பது பேர், நைல் நதிக்கரையில் ஒரே கிராமத்து ஜனங்களாகிவிடுவோம்.

முதல் ஆட்டத்தில் நான் சாதாரணக் குடியானவன், குற்றமற்றவன். ஆனால் ஜூன் மாதத்து ஊட்டியில், சாரலும் மூடுபனியும் சேர்ந்து எதிர்வீட்டு வேலியையே மறைத்துவிடும் காலத்தில், எங்கள் வீட்டில் சிக்னல் என்பது திண்ணையின் கிழக்கு மூலையில், ஹைட்ராஞ்சியாத் தொட்டிக்கும் தூணுக்கும் இடையே, சுமார் இரண்டு சதுர அடிப் பரப்பில் மட்டும் சஞ்சரிக்கும் வஸ்து. கம்பளியைப் போர்த்துக்கொண்டு, குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அந்த மூலையில் நின்று, "நான் திருடனல்ல, அதற்குக் காரணம் என்னவென்றால்" என்று நான் தொடங்கிய கட்டத்தில் இணைப்பு அறுந்தது. மீண்டும் கிடைத்தபோது சபை தீர்ப்புக் கூறிவிட்டிருந்தது. காரணத்தைக் கேட்டதும் பேச்சடைத்துப் போனவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று சிங்கப்பூரிலிருக்கும் என் சொந்தப் புத்திரன் வாதித்தானாம். எட்டு வாக்கில் ஏழு எனக்கு விரோதம். எட்டாவது வாக்குக்குரிய என் அண்ணிக்கு வாக்களிக்கும் முறை பிடிபடவில்லை.

மம்மியானவர் பேசக்கூடாது என்பது விதி. எகிப்தில் உடலைப் பதப்படுத்திக் கட்டி முடிக்க எழுபது நாள் பிடிக்குமாம். எனக்கு எழுபது வினாடிகூடப் பிடிக்கவில்லை. மூவாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன் காலமான இரண்டாம் ராம்சேஸின் மம்மியில், மூக்குத் துவாரத்துக்குள் மிளகு இருக்கக் கண்டார்கள் என்று என் மருமகள் ஆறுதலாகச் சொன்னாள். மிளகு விளைவது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். ஆகவே, பாரோவின் மூக்கு வரையில் நம்மவர் சரக்குப் போயிருக்கக்கூடும். அன்றிரவு ஜலதோஷத்துக்கு நான் குடித்ததும் மிளகுக் கஷாயமே.

அடுத்த ஆட்டத்தில் எனக்கு வந்தது அனுபிஸ் வேஷம். இதைவிடப் பொருத்தமான நியமனம் இருக்க முடியாது என்று நான் அகமகிழ்ந்ததற்கு நியாயம் உண்டு. குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து நிறுத்தவன் நான். விடிகாலைப் பனியில் பறித்த கொழுந்தில் ஈரம் எவ்வளவு, இலை எவ்வளவு, சாக்குக்கு எவ்வளவு, ஈரத்துக்கு எவ்வளவு கழிவு என்பதைத் தராசு முள் நிற்பதற்கு முன்பே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்பது என் அபிப்பிராயம். (பறித்தவர்களின் அபிப்பிராயம் வேறாக இருந்தது, அதை இங்கே பிரஸ்தாபிக்க அவசியமில்லை.) இதயம் இறகைவிடக் கனத்தால், முதலைத் தலையும் சிங்கத்தின் முன்னுடலும் நீர்யானையின் பின்னுடலும் கொண்ட அம்மித் என்ற ஜந்து அதைத் தின்றுவிடும் என்று மருமகள் விவரித்தபோது, "ஈரத்துக்குக் கழிவு உண்டா?" என்று கேட்டேன். எகிப்தில் அந்த வழக்கம் இல்லையாம்.

முதல் இரவு அண்ணியை நிறுத்தேன், நல்லவர். இரண்டாம் இரவு மகனை நிறுத்தேன். பழைய வாக்கை நினைத்து ஆவலோடு நிறுத்தேன். அவனும் நல்லவனாகவே இருந்துவிட்டான். என் மனைவியை நிறுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. முப்பத்தெட்டு வருஷம் கூடவே இருப்பவளை நிறுக்க ஓர் இரவை விரயம் செய்வானேன் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம், இரண்டு வளைவு கீழே குடியிருக்கும் என் மைத்துனர், மெயின் பஜாரில் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த வர்க்கி அரை டஜனைக் காகிதப் பையில் ஏந்தி, நனைந்த குடையோடு வந்து சேர்ந்தார். மனைவி இஞ்சித் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வெளியே மழை, உள்ளே கணப்பு, கையில், தொட்டால் பொடியாகும் சூட்டோடு வர்க்கி. "பாவம் அத்தான், சிக்னல் இல்லாமல் போன தடவை உங்களை அநியாயமாகக் கட்டிவிட்டார்கள். இந்தத் தடவை உங்களுக்கு என்ன வேஷமானாலும் என் வாக்கு உங்களுக்குத்தான்" என்றார் அவர்.

வேஷத்தைச் சபைக்கு வெளியே சொல்லக்கூடாது என்பது ஆட்டத்தின் தலையாய விதி. ஜபல்பூரில் 1875-இல் பிறந்த ஸ்நூக்கருக்கு விதிகளை எழுதிச் சுவரில் மாட்டியது எங்கள் ஊட்டி கிளப் என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசுகிறவன் நான். விதியின் மகத்துவம் எனக்குத் தெரியாததல்ல. ஆயினும் மூன்றாவது வர்க்கியைத் தேநீரில் தோய்த்து வாயிலிட்ட தருணத்தில், "நான்தான் அனுபிஸ்" என்று சொல்லிவிட்டேன். அதோடு நில்லாமல், யார் யாரை நிறுத்தேன் என்றும், அன்றிரவு யாரை நிறுக்க உத்தேசம் என்றும் சொன்னேன். மைத்துனர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். மனைவி இன்னொரு தம்ளர் தேநீர் ஊற்றினாள்.

அன்றிரவே அனுபிஸ் கொலையுண்டார். அதற்கப்புறம் மூன்று நாளில் ஊர் தன் நல்லவர்களையெல்லாம் ஒவ்வொருவராகக் கட்டிவைத்துவிட, ஆட்டம் முடிந்து திருடர் இருவரின் பெயரும் வெளியாயிற்று: ஒருவர் மைத்துனர், மற்றவர் அவருடைய அக்காள்.

விசாரணையில் நான் உண்மையை ஒப்புக்கொண்டபோது, மருமகள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, மூன்றாம் ராம்சேஸைக் கொல்ல அவருடைய அந்தப்புரத்தில் நடந்த சதியைச் சொல்லத் தொடங்கினாள். ராணி தியேயும், அவள் மகன் என்று ஏட்டில் பென்டாவேர் என்ற பெயரால் குறிக்கப்பட்டவனும் முக்கியக் குற்றவாளிகள். வழக்கை விசாரிக்கப் பன்னிரண்டு பேரை நியமித்தார்கள். அவர்களிலேயே சிலர், குற்றம் சாட்டப்பட்ட பெண்களோடு விருந்துண்டு குடித்துக் களித்ததாகப் பிடிபட்டு, மூக்கும் காதும் அறுபட்டார்கள். இதெல்லாம் இத்தாலியில் டூரின் நகர மியூசியத்திலுள்ள பாபிரஸ் சுருளில் எழுதியிருக்கிறது. 2012-இல் அந்த மன்னரின் மம்மியை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, கழுத்து ஆழமாக அறுபட்டிருந்தது தெரிந்தது.

"அந்தப்புரத்துச் சதி, விருந்து, விலைபோன நியாயாதிபதி. ஒன்றுகூடக் குறையவில்லை மாமா" என்றாள். என் கை என்னையறியாமல் மூக்கைத் தடவிப் பார்த்தது. அதே வழக்கில் ஹோரி என்ற ஒருவனை மட்டும், கடுஞ்சொல்லால் கண்டித்து, வேறு தண்டனையின்றி விட்டுவிட்டார்களாம்; வயதை உத்தேசித்து எனக்கும் அவ்விதமே தீர்ப்பளிப்பதாகச் சொல்லி, அங்கேயே அதை நிறைவேற்றவும் ஆரம்பித்தாள். ஒன்பது மணிக்கு ஆரம்பித்த கண்டனம், ஒன்பதே கால் சுமாருக்கு, நான் இருந்த இடம் கூடமானபடியால், சிக்னலோடு சேர்ந்து நின்றது. வழக்கமாகக் கம்பளியை வாரிக்கொண்டு திண்ணை மூலைக்கு ஓடுகிறவன், அன்று ஓடவில்லை.