எலெக்சன் டூட்டிக்குப் போற வாத்தியாருக்கு

ஏய்யா பேராண்டி, இங்கன வந்து உக்காரு. உங்காத்தா ஒரு சேதி சொன்னா. ஊராட்சி எலெக்சன் டூட்டி ஆர்டர் வந்துரும்னு பயந்து இப்பவே டாக்டர் சர்டிபிகேட்டுக்கு ஆள் பாக்குறியாமே? வாத்தியார் வேலைக்குச் சேந்து ரெண்டு வருசம் ஆகல, அதுக்குள்ள இடுப்பு வலியா? பட்டாசு செய்யிற பயர் ஆபீசுல குனிஞ்சு குனிஞ்சு திரி சொருகுன உங்க அப்பத்தாளுக்கே எழுபதுலதான் இடுப்பு புடிச்சது.

அவசரப்படாத. ஊராட்சிக்காரக பதவி 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சுபோச்சு. அதுக்குப் பெறகு ஊரு தனி அலுவலர் கைக்குப் போச்சு. எலெக்சன் வாரப்ப வரட்டும். அதுவரைக்கும் இடுப்பு வலியை விடாம வச்சுக்கிற தெம்பு உனக்கு இருக்கான்னுதான் எனக்குக் கவலை.

நான் படிக்காதவன்தான். ஆனா பூத் ஏஜென்டா உக்காந்து, எத்தனையோ வாத்தியாருக்கு வேர்த்துக் கொட்டுனதைப் பாத்தவன். அந்தப் பழக்கத்துல சொல்றேன், கேட்டுக்க.

எம்பி எலெக்சன் கணக்கா நெனைச்சுப் போயிராத. சிவகாசி மாநகராட்சியானதும் 2022 பிப்ரவரி 19-ல மொதத் தடவையா கவுன்சிலர் எலெக்சன் வச்சாகல்ல, அங்க மிசினு. ஊராட்சியில சீட்டும் பெட்டியும். 2019-ல ஆளுக்கு நாலு சீட்டு குடுத்தாக. வார்டு மெம்பருக்கு வெள்ளை, தலைவருக்கு ரோஸு, யூனியன் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். ஒரே பூத்துல ரெண்டு வார்டு இருந்துச்சுன்னா ஒரு வார்டுக்கு நீலம். சிவகாசி அச்சாபீசுல கலர் மாறிட்டா காகிதத்தைக் கழிச்சுட்டுத் திரும்ப அடிச்சுக்கலாம். நீ வெள்ளை வார்டுக்காரனுக்கு நீலத்தை நீட்டிட்டேன்னு வையி, உள்ள உக்காந்திருக்கிற ஏஜென்டுக எல்லாரும் ஒரே கட்சி ஆயிருவாக.

ஏன்னு கேளு. நம்ம காமராஜரே 1967-ல விருதுநகர்ல தோத்தது 1,285 ஓட்டுலதான். அது ஒரு தொகுதிக்கே உள்ள கணக்கு. வார்டு மெம்பருக்கு? ஒரு கல்யாணத்துல பந்தியில சரியாக் கவனிக்கலைன்னு ஒரு குடும்பம் கோவிச்சுக்கிட்டா, அத்தோட தோல்வி. நிக்கிறவன் மச்சான், எதுத்து நிக்கிறவன் சகலை. அதுலயும் வார்டுக்கும் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கெடையாது. ஆட்டோவும் பூட்டு சாவியும்தான். கட்சிக்காரன்னா அடுத்த கூட்டணியில சேந்துக்குவான். சொந்தக்காரன் சேர மாட்டான்யா.

அதான் அசலூர் ஆளா உன்னை அனுப்புறாக. ரெண்டு பக்கமும் ஓட்டுச் சமமா வந்தா இன்னைக்கும் குலுக்கல்தான். ஆயிரம் வருசத்துக்கு முந்தி உத்திரமேரூர்ல குடவோலை எடுத்தாகல்ல, பராந்தக சோழன் காலத்துல, அப்பக் கொடத்துக்குள்ள கையை விட யாரை நிப்பாட்டுனாகன்னு கல்வெட்டுல இருக்காம். விவரம் தெரியாத ஒரு சின்னப் பயலை. உனக்கு ஆர்டர் வந்துச்சுன்னா அரசாங்கம் பழைய முறையை மறக்கலைன்னு நான் சந்தோசப்படுவேன்.

இனி சாப்பாட்டு விசயம். மொத நாளே பெட்டி படுக்கையோட பள்ளிக்கூடத்துல எறங்குவ. நீ அந்த ஊருக்கு ஒரு நாள் மாப்பிள்ளை. ராத்திரி ஒருத்தன் புரோட்டாப் பொட்டலத்தோட வந்து, "சார், நம்ம ஊருக்கு வந்துட்டுப் பட்டினியா?"ன்னு உருகுவான். கை நீட்டிராத. நீ சால்னாவை ஊத்தி முடிக்கிறதுக்குள்ள எதிராளி போன் போட்டுருவான். அப்பத்தாகிட்ட சொல்லி புளிச்சோறு கட்டிக்க. கொசுவத்தி, போர்வை, டார்ச்சு லைட்டு எடுத்துக்க. கக்கூஸ்ல தண்ணி வருதான்னு வெளிச்சம் இருக்கும்போதே பாத்துரு, இதை மட்டும் நான் கேலிக்குச் சொல்லல.

பெட்டிக்குச் சீல் வைக்கிற அரக்கு, மெழுகுவத்தி எல்லாம் சாமான் பையில இருக்கும். இந்த மண்ணுல இருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழிலையே கத்துக்கிட்டு வந்தாக. நீ அரக்கு உருக்குறேன்னு விரலைச் சுட்டுக்கிட்டு வந்து நின்னா ஊருக்கே கேவலம்.

மை வைக்கிற மேசையில உன்னைப் போட்டா, விரலை மொதல்ல துடைக்கச் சொல்லு. வெம்பக்கோட்டைப் பக்கம் பயர் ஆபீசு வேலைக்குப் போறவக கையில அலுமினியப் பவுடர் நகக்கண்ணு வரைக்கும் ஏறிக் கெடக்கும். சோப்புக்கே மசியாது. அது மேல வச்ச மை தோலுல எங்குட்டு ஒட்டும்? மைக்குள்ள இருக்கிறதும் ஒரு வெள்ளி உப்புதான், தோலுல பட்டு வெளிச்சம் பட்டாத்தான் கறுக்கும். எண்ணெயோ பவுடரோ இருந்தா துணியால துடைச்சுட்டு வைக்கணும்னு டிரெயினிங் வகுப்புலயே சொல்லுவாக. நீ அந்நேரம் செல்லை நோண்டிக்கிட்டு இருப்ப.

சீட்டு மடிக்கிறதையும் கவனி. தப்பா மடிச்சா முத்திரை மை பக்கத்துச் சின்னத்துலயும் ஒட்டிக்கும், எண்ணும்போது அடிதடி. மொத குத்து எங்கன்னு தெளிவாத் தெரிஞ்சா அந்த ஓட்டுச் செல்லும்னாலும், தோக்குறவனுக்கு அது புரியாது. இன்னொண்ணு. பேரனைத் தொணைக்குக் கூட்டிக்கிட்டு, கண்ணு தெரியலைன்னு ஒரு பெருசு வருவாரு. வாசப்படியில கெடக்குற பத்து ரூபாயைத் தாண்டாம எடுத்தார்னா, தனியாவே போகச் சொல்லு. எனக்கு எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காத.

சாயந்தரம் 5 மணிக்கு முடிக்கச் சொல்லிருந்தா, அப்ப வரிசையில நிக்கிறவக அத்தனை பேருக்கும் ஓட்டு உண்டு. கடைசி ஆள்கிட்ட இருந்து டோக்கன் குடுத்துக்கிட்டு முன்னாடி வா. முன்னாடி இருந்து குடுத்தேன்னா வாலு வளந்துக்கிட்டே போகும், ராத்திரிப் புளிச்சோறும் அங்கதான்.

எண்ணுற எடத்துலயும் டூட்டி போட்டாலும் போடுவாக. 2019 டிசம்பர் 27-லயும் 30-லயும் ஓட்டுப் போட்டதை, 2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ண ஆரம்பிச்சு மறுநாளும் எண்ணுனாக. கலர் கலராப் பிரிச்சுக் கட்டுக் கட்டவே பொழுது போயிரும். அதுக்குள்ள ஜெயிச்ச ஒருத்தன் வெளிய பத்தாயிரம்வாலாவைக் கொளுத்துவான், நம்ம பக்கத்துல சரக்குக்கா பஞ்சம்? நீ நூத்திப்பதினாலா நூத்திப்பதினஞ்சான்னு முழிப்ப. காதுக்குப் பஞ்சு கொண்டு போ. அப்பத்தா வெளக்குத் திரிக்குன்னு வச்சிருக்கா, கேட்டா குடுப்பா. எனக்குன்னு சொல்லிராத, தர மாட்டா.