முதலில் விளக்கு, அப்புறம்தான் மற்றதெல்லாம்

கே: டெக்சஸில் வீடு வாங்கினோம். பாதுகாப்புக்கு மாஸ்பெர்க் 590 பம்ப் ஷாட்கன் ஒன்றும் வாங்கியாயிற்று. அதில் மாட்ட விளக்கு, லேசர், ரெட் டாட், தோட்டா அடுக்கு, தோள்வார், பிஸ்டல் கைப்பிடி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். எதில் ஆரம்பிப்பது?

ப: விளக்கில். அதை மாட்டி முடித்ததும் மிச்சப் பட்டியலைக் கிழித்துப் போட்டாலும் பாதகமில்லை. மற்ற எல்லாமே நன்றாகச் சுடுவதற்கு உதவுபவை. சுடாமல் இருப்பதற்கு உதவுவது விளக்கு ஒன்றுதான். இரவு இரண்டு மணிக்குக் கூடத்தில் நிழலாடுவது திருடனா, ஊரிலிருந்து நேற்று வந்திறங்கி, நேரம் மாறிய தூக்கத்தில் காபி போட எழுந்த மாமியாரா? இருட்டில் இரண்டு பேரும் ஒரே கறுப்பு. 12 கேஜ் டபுள்-ஆட் பக்ஷாட் தோட்டா ஒன்றில் வழக்கமாக ஒன்பது ஈயக் குண்டுகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 8.4 மி.மீ. குறுக்களவு. ஒரு தடவை விசையை அழுத்தினால் ஒன்பதும் கிளம்பிவிடும். அரிசோனாவில் கன்சைட் பயிற்சிப் பள்ளியை நிறுவிய கர்னல் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகளில் கடைசி விதி, இலக்கு இன்னதென்று தெரியாமல் சுடக்கூடாது என்பது. இருட்டில் அந்த விதியைக் காப்பாற்ற வெளிச்சம் வேண்டும்.

கே: எத்தனை லூமென் வாங்கலாம்? கடைக்காரர் 1000 என்கிறார்; நண்பர் 300 போதும் என்கிறார்.

ப: இருவரும் பாதிதான் சொன்னார்கள். லூமென் என்பது விளக்கிலிருந்து கொட்டும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு குவிந்து போகிறது என்பதைச் சொல்வது காண்டெலா. லூமென் மிகுந்து காண்டெலா குறைந்தால் அறை முழுக்கப் பரவலாக வெளிச்சம். காண்டெலா மிகுந்தால் தோட்டத்துக் கோடியில் நிற்பவரின் முகம் தெரியும். ஸ்ட்ரீம்லைட் கம்பெனியின் டிஎல்-ராக்கர் விளக்கு 1000 லூமென், 20,000 காண்டெலா. காண்டெலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் லக்ஸ் கிடைக்கும்: பத்து மீட்டரில் 200 லக்ஸ். ஒருவர் கையில் இருப்பது கத்தியா, கைபேசியா என்று பிரித்துப் பார்க்க அது தாராளம். ஷூர்ஃபயரின் டிஎஸ்எஃப் வகையில் 600, 200 லூமென் என இரண்டு அளவுகள் உண்டு.

அமெரிக்க வீடுகளில் ஒரு சங்கதி: வெள்ளையடித்த டிரைவால் சுவர்கள். குறுகலான நடையில் 1000 லூமெனை நேரே அடித்தால் சுவரில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். அதே சுவர் நன்மையும் செய்யும். குழலைத் தரையை நோக்கித் தாழ்த்திப் பிடித்தாலே எதிரொளியில் அறை முழுக்கத் தெரியும். யாரையும் குறி பார்க்காமலே யார் என்று பார்த்துவிடலாம். எனக்கு 1000 பிடித்திருப்பது இதற்காகத்தான்.

கே: விளக்கை எங்கே மாட்டுவது? குழலின் நுனியிலா, நடுவிலா, கையருகிலா?

ப: கை ஏற்கெனவே இருக்கும் இடத்தில். பம்ப் துப்பாக்கியில் இடது கை முன்பிடியில் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அந்தக் கை பின்னே இழுத்து முன்னே தள்ள வேண்டும். தோட்டாக் குழாயில் கிளாம்பு போட்டு விளக்கை மாட்டினால், முன்பிடி முன்னால் இருக்கும்போது மட்டும் கட்டைவிரல் ஸ்விட்ச்சுக்கு எட்டும். பின்னால் இழுத்த கணம் எட்டாது. எட்ட வைப்பதற்காக ஒயர் இழுத்துப் பட்டை ஸ்விட்ச்சை முன்பிடியில் ஒட்டுகிறவர்கள் உண்டு. முன்பிடி நகர நகர அந்த ஒயரும் வளைந்து நிமிர்ந்து, ஒருநாள் எதிலாவது மாட்டி அறுந்துபோகும்.

ஆகவே பம்ப் துப்பாக்கிக்கு என் சிபாரிசு, முன்பிடியும் விளக்கும் ஒரே உடம்பாக வரும் வகை. பழைய முன்பிடியைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். ஸ்விட்ச் எப்போதும் விரலடியிலேயே இருக்கும். விலை அதிகம் என்றால் இரண்டாவது வழி, மேக்புல் முன்பிடியில் இருக்கும் எம்-லாக் துளைகளில் ஒரு சிறு தண்டவாளத்தைப் பொருத்தி, அதில் சாதாரண ஆயுத விளக்கை மாட்டுவது. அதுவும் கையோடு சேர்ந்தே நகரும். பெனெல்லி எம்4, பெரெட்டா 1301 போன்ற அரைத் தானியங்கித் துப்பாக்கிகளில் முன்பிடி அசையாது. அங்கே குழாய்க் கிளாம்பே போதும்.

எதை மாட்டினாலும் தோட்டா இல்லாத துப்பாக்கியில் முன்பிடியைக் கடைசி வரை இழுத்து, கடைசி வரை தள்ளிப் பாருங்கள். விளக்கு ரிசீவரிலோ தோட்டா அடுக்கிலோ இடித்தால் ஒரு தோட்டா பாதி வழியில் சிக்கும். ஸ்விட்ச்சில் இரண்டு வகையும் வேண்டும்: அழுத்தும்வரை மட்டும் எரிவது, தட்டினால் நிலையாக எரிவது. முதல் வகையைத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள். முன்பிடியை இறுக்கிப் பிடித்தாலே தவறி எரிந்துவிடுகிறதா என்பதையும் சோதியுங்கள். நீங்கள் நிற்கும் இடத்தை அது ஊருக்கே அறிவித்துவிடும்.

கே: இருபது டாலர் டார்ச்சை டேப் போட்டு ஒட்டினால் என்ன?

ப: முதல் வேட்டு வரை எரியும். 12 கேஜின் உதையில் துப்பாக்கி பின்னே பாயும்போது பேட்டரி தன் இடத்திலேயே இருக்கப் பார்க்கும். ஸ்பிரிங் அமுங்கி, தொடர்பு விட்டு, விளக்கு அணையும். பிறகு நீங்கள் முன்பிடியை ஓங்கித் தள்ளும்போது எதிர்ப்பக்கம் இன்னொரு குலுக்கல். ஆயுத விளக்குக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் பெரும்பாலும் இந்த இரண்டு குலுக்கலைத் தாங்கத்தான். எல்இடி வருவதற்கு முன் இருந்த இழை பல்புகள் பெரும்பாலும் நூறு லூமென் பக்கம்தான் தரும்; உதையில் இழை அறுந்தும் போகும். அந்தத் தலைவலி இப்போது இல்லை. பேட்டரித் தொடர்பு என்ற தலைவலி இருக்கிறது. எந்த விளக்காக இருந்தாலும் சுடுதளத்தில் முழு வீரியத் தோட்டாக்கள் ஐம்பதாவது சுட்டு, அணைகிறதா, மினுக்குகிறதா என்று பார்க்காமல் வீட்டில் நம்பி வைக்காதீர்கள்.

கே: சுட்டுப் பழகியபின் விளக்கின் கண்ணாடி கருத்துவிடுகிறதே?

ப: குழல் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் கரி படியும். சுடுவதற்கு முன் லென்ஸில் லிப் பாம் மெல்லியதாகத் தடவி வையுங்கள். பிறகு துணியால் துடைத்தால் கரி கையோடு வரும். விளக்கைக் கொஞ்சம் பின்னால் நகர்த்த முடிந்தால் அதுவும் நல்லது.

கே: பக்கவாட்டில் ஆறு தோட்டா, கட்டையில் ஆறு தோட்டா, குழாயில் ஏழு என்று நிரப்பினால் எந்தப் படையையும் சமாளிக்கலாம் அல்லவா?

ப: படை வருவதற்குள் கை வலிக்கும். ஒரு தோட்டா ஏறத்தாழ 50 கிராம். ரெமிங்டன் 870 என்ற பம்ப் துப்பாக்கியின் வெறும் எடையே மூன்று கிலோவுக்கு மேல். பன்னிரண்டு தோட்டாவை வெளியே தொங்கவிட்டால் இன்னும் 600 கிராம். கட்டையில் இருப்பவை கன்னத்தில் இடிக்கும். ரிசீவரின் இடப்பக்கம் நான்கோ ஆறோ போதும். துப்பாக்கியைத் தூக்கினால் தோட்டாவும் கூடவே வரும் என்பதுதான் அந்த அடுக்கால் வரும் லாபம்.

மாட்டும்போது கவனம். 1950 முதல் ஒரு கோடிக்கும் மேல் விற்ற 870-இல், விசைத் தொகுதியைப் பிடித்திருக்கும் ஊசிகளைக் கழற்றி அந்தத் துளைகள் வழியாகவே அடுக்கின் திருகுகள் போகின்றன. பலம் காட்டி முறுக்கினால் ரிசீவரின் சுவர்கள் உள்ளே நெருங்கி, போல்ட் உரசும். வெண்ணெய் போல ஓடிய பம்ப் அரைக்கல்லாகிவிடும். முறுக்கு விசை காட்டும் குறடால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கழன்றுவிடும் என்ற பயத்துக்கு மருந்து, திருகுமரையில் ஒரு சொட்டு நீல லாக்டைட் 242. சாதாரண ஸ்பானராலேயே பின்னால் கழற்றலாம். சிவப்பு வகையைத் தொடாதீர்கள். அதைக் கழற்ற நெருப்பு வைத்துச் சூடேற்ற வேண்டியிருக்கும். இறுக்கிய பிறகு திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். விளக்கின் கிளாம்புக்கும் இதே வைத்தியம்.

கே: பிஸ்டல் கைப்பிடி மாட்டினால் பிடிக்க வாட்டமாக இருக்குமா?

ப: உங்களுடையது மாஸ்பெர்க். அதன் சேஃப்டி ரிசீவரின் மேல்முதுகில், நேர்க்கட்டையைப் பிடித்தால் கட்டைவிரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில் இருக்கிறது. பிஸ்டல் கைப்பிடி போட்டால் கட்டைவிரல் கீழே இறங்கிவிடும். சேஃப்டியைத் தள்ள ஒவ்வொரு தடவையும் பிடியை மாற்ற வேண்டும். ரெமிங்டனில் சேஃப்டி விசைக்குப் பின்னால் குறுக்குப் பொத்தானாக இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. உங்கள் மாஸ்பெர்க்குக்கு அது வேண்டாம்.

கட்டையில் செலவழிக்க ஆசையென்றால் நீளத்தில் செலவழியுங்கள். தொழிற்சாலைக் கட்டைகள் பலவும் விசையிலிருந்து முனைவரை 14 அங்குலம் பக்கம். நெடிய ஆட்களுக்குச் செய்தவை. ஐந்தடி சொச்சம் இருப்பவர் அதைத் தோளில் வைத்தால் உடம்பு பின்னால் சாயும், இடது கை நீட்டிக்கொண்டு நிற்கும், உதை இரட்டிப்பாகத் தெரியும். மேக்புல் எஸ்ஜிஏ போன்ற கட்டைகளில் தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் நீளத்தை மாற்றலாம். வீட்டில் யார் மிகக் குள்ளமோ அவருக்கு ஏற்ற அளவில் வையுங்கள். குட்டைக் கட்டையை நெடியவர் சமாளித்துவிடுவார். நெட்டைக் கட்டையைக் குள்ளமானவர் சமாளிக்க முடியாது.

கே: ஓட்டை ஓட்டையாக ஒரு தகடு குழல் மேல் மாட்டியிருக்கிறார்களே, அது எதற்கு?

ப: முதல் உலகப் போரின் பதுங்குகுழிக்கு. வின்செஸ்டர் 1897 துப்பாக்கியின் முனையில் அமெரிக்கப் படையினர் நீண்ட பயனெட் கத்தி பொருத்தினார்கள். அடுத்தடுத்துச் சுட்டபின் கொதிக்கும் குழலைப் பிடித்துக் கத்தியால் குத்த வேண்டியிருந்ததால், கை வேகாமலிருக்க அந்தத் தகடு. அந்தத் துப்பாக்கியின் விளைவு எப்படி இருந்ததென்றால், 1918 செப்டம்பரில் ஜெர்மனி அதை எதிர்த்து ஹேக் உடன்படிக்கையைக் காட்டி அதிகாரபூர்வமாகப் புகார் அனுப்பியது. அத்தகைய துப்பாக்கியோடு பிடிபடும் வீரர்களின் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றும் எச்சரித்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலர் ராபர்ட் லான்சிங் புகாரை நிராகரித்தார். உங்கள் வீட்டுக் கூடத்தில் பயனெட் சண்டை நடக்கப் போவதில்லை என்றால் தகடும் வேண்டாம்.

கே: குழல் வாயில் பல்லுப் பல்லாக ஒரு மூடி?

ப: கதவின் கீலை உடைக்கப் போகும் போலீஸ்காரருக்கு. கதவில் அழுத்திச் சுடும்போது வாயு வெளியேற இடம் விடுகிறது. உங்களிடம் சாவி இருக்கிறது.

கே: ஷாட்கன்னில் குறி பார்க்கவே வேண்டாம், பரவி அடிக்கும் என்கிறார்களே. அப்புறம் ரெட் டாட் எதற்கு?

ப: அந்த வாக்கியத்தை நம்பிச் சுட்டவர்கள் சுவரைத்தான் சுட்டிருப்பார்கள். பக்ஷாட் ஒரு கஜத்துக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் பரவும் என்பது தோராயக் கணக்கு. உங்கள் கூடத்தின் நீளம் ஏழு கஜமென்றால் விரித்த கையின் அளவுதான். இறுக்கமான தோட்டா வகைகளில் இன்னும் குறைவு. குறி பார்த்தே ஆக வேண்டும். நல்ல மணிக்குறியே போதும் என்பேன். கண்ணாடி போட்டவர்களுக்கு ரெட் டாட் உதவும்; ரிசீவரை ஒட்டித் தாழ்வாக மாட்டுங்கள். உயர்ந்தால் கன்னம் கட்டையை விட்டுக் கிளம்பிவிடும். லேசர் வேண்டாம்.

கே: பம்ப் இழுக்கும் சத்தத்திலேயே திருடன் ஓடிவிடுவானாமே?

ப: ஓடலாம். ஓடாதவனுக்கு நீங்கள் எந்த அறையில் இருக்கிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும். சத்தத்தை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ளாதீர்கள். கதவைப் பூட்டிக்கொண்டு 911-ஐ அழைப்பதுதான் திட்டம்.

கே: துப்பாக்கியில் விளக்கு இருந்தால் தனியாக டார்ச் வேண்டுமா?

ப: கட்டாயம் வேண்டும். இந்தப் பக்கத்தில் இதைவிட முக்கியமான பதில் இல்லை. துப்பாக்கி விளக்கின் வெளிச்சம் போகுமிடத்துக்குக் குழலும் போகிறது. குழந்தைகள் அறையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க அதைத் தூக்கினால், தூங்கும் குழந்தை மேல் துப்பாக்கியை நீட்டியிருக்கிறீர்கள். பூனை தட்டிய பாத்திரம், விடாமல் அடிக்கும் புகைமணி எல்லாவற்றுக்கும் கைவிளக்கு. துப்பாக்கி வேண்டாத இரவுகளே ஏறக்குறைய எல்லாம். துப்பாக்கி இருக்க வேண்டிய இடம், குழந்தையால் திறக்க முடியாத பூட்டுப் பெட்டி. விளக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை.

கே: அமெரிக்கச் சட்டம் விளக்கைத் தடுக்கிறதா?

ப: விளக்கு மாட்டுவதற்கு மத்திய அரசின் தடை இல்லை. குழலை 18 அங்குலத்துக்குக் கீழே வெட்டினால் 1934-இன் தேசியத் துப்பாக்கிச் சட்டம் குறுக்கே வரும். பிஸ்டல் கைப்பிடி முதலியவற்றுக்குச் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. வாங்குமுன் உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். பல மாநிலங்களில் இரவில் விளக்கடித்து மான் சுடுவது குற்றம் என்பதால் இந்தத் துப்பாக்கியை வேட்டைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கே: நான் மதுரையில் இருக்கிறேன். எனக்கு என்ன சொல்கிறீர்கள்?

ப: வாசலுக்கு ஒரு நல்ல விளக்கு, தலைமாட்டில் ஒரு நல்ல டார்ச். இரண்டுக்கும் உரிமம் வாங்க வேண்டியதில்லை.

கே: பேட்டரி?

ப: சிஆர்123ஏ லித்தியம், 3 வோல்ட், பேர் தெரிந்த கம்பெனியுடையது. பத்து வருடம் அலமாரியில் கெடாது. விளக்கு இரண்டு கேட்டால் இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்; பழையதும் புதியதும் கலந்தால் ஒன்று மற்றதை நெருக்கி, சூடேறி வெடிக்கவும் கூடும். தயாரிப்பாளர் அனுமதிக்காவிட்டால் ரீசார்ஜ் வகையைப் போடாதீர்கள், வோல்டேஜ் அதிகம். மாற்றிய தேதியை ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதிப் பூட்டுப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். சுடுதளத்துக்குப் போய் வந்த பிறகு மிச்சம் எவ்வளவு என்று யோசிக்க வேண்டாம்: அந்த இரண்டையும் டிவி ரூம் டார்ச்சுக்குக் கொடுத்துவிட்டு, துப்பாக்கியில் புதிதாகப் போடுங்கள்.