கறுப்போடு கறுப்பு சேராமை: ஓர் ஆராய்ச்சி

கறுப்பு மட்டுமே உடுத்துபவர்களைப் பற்றி உலகில் வழங்கிவரும் மூடநம்பிக்கைகளுள் தலையாயது, அவர்களுக்கு உடை தேர்ந்தெடுப்பதில் சிரமமே இராது என்பது. மேலே கறுப்பு, கீழே கறுப்பு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர், கறுப்புத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஒருமுறையேனும் மேட்சிங் சென்டருக்குப் போகாதவர். கிளிப்பச்சைக்கும் மாம்பழ மஞ்சளுக்கும் நின்ற இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடும் கடைக்காரர், கறுப்பு என்றதும் துணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு, வெயிலைத் தேடிப் போகிறார். வழக்கு அங்கேதான் தொடங்குகிறது.

அந்த வழக்கை இக்கட்டுரை விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது. ஆய்வுக் களம் பிரிட்டன். ஆய்வுக்கு உட்பட்டோர், அங்கே 1980களின் தொடக்கம் முதல் கோதிக் பாணி உடைகளைத் தாமே தைத்தும், கொள்ளுப்பாட்டி காலத்து உடைகளைப் பழந்துணிக் கடைகளில் துழாவிச் சேர்த்தும் வருகிற கோத் குலத்தார். டிராகுலாவாக நடித்த பெலா லுகோசி இறந்துவிட்டதாக அறிவிக்கும் ஒன்பது நிமிடப் பாட்டை 1979இல் பாவ்ஹவுஸ் குழு வெளியிட்டதும், 1982இல் லண்டன் சோஹோவில் பேட்கேவ் என்ற இரவு விடுதி திறந்ததும் இக்குலத்தின் தோற்றத்துக்கான கல்வெட்டுச் சான்றுகள்.

இவர்கள் இரவையும் இருட்டையும் கல்லறைத் தோட்டங்களையும் நாடுவது ஏன்? மரணத்தின் மேல் மோகம் என்பர் ஒரு சாரார். தாட்சர் காலத்து வேலையில்லாத் திண்டாட்டம் என்பர் மற்றொரு சாரார். கவிஞர் பைரனை அளவுக்கு மீறிப் படித்ததன் விளைவு என்பாரும் உளர். மூவர் கூற்றும் போலி என மறுக்க. பகல் வெளிச்சத்தில் இவர்களுடைய கறுப்புச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் ஒன்றோடொன்று சேர்வதில்லை, இருட்டில் சேர்கின்றன. ஆகவே இருட்டுக்குப் போகிறார்கள். இதுவே யாம் நிறுவப் புகும் கொள்கை.

முதற்கண் கறுப்பு ஒன்றன்று, பல என்பதைக் காட்டுவாம். ஜன்னலோர மேசை ஒன்றில் கறுப்பு வெல்வெட், கறுப்புப் பருத்தி, கறுப்பு பாலியஸ்டர் சாட்டின் மூன்றையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்துப் பார்க்க. தனித்தனியே கடையில் பார்த்தபோது மூன்றும் காக்கைக் கறுப்பு. அருகருகே வைத்த உடனே பருத்தி சாம்பல் பூத்துவிடுகிறது. சாட்டினில் ஒரு நீலம் எட்டிப் பார்க்கிறது. வெல்வெட் மட்டும், மற்ற இரண்டையும் தனக்கு அறிமுகமே இல்லை என்பதுபோல் கிடக்கிறது. பிறகு விளக்கைப் போட்டால் சாட்டினின் நீலம் ஊதாவுக்கு நகரும், பருத்தி பழுப்புக்கு நகரும். இதற்குக் காரணம், எந்தச் சாயமும் ஒளியை முழுக்க விழுங்குவதில்லை. விழுங்கியதுபோக மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அந்த மிச்சம் சாயத்துக்குச் சாயம் வேறு. ஒரு விளக்கின் கீழ் ஒத்துப்போன இரண்டு துணிகள் மற்றொரு விளக்கின் கீழ் பிணங்குவது இதனால்தான்.

அற்றேல், பழங்காலத்தில் ஒரே சாயம் இருந்ததே, அப்போது ஒத்திருக்குமே எனின், அதுவும் அன்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் கறுப்பு என்பது துவர்ப்புச் சத்தும் இரும்பு உப்பும் சேர்ந்து பிறந்தது. அங்கே ஓக் மரத்தின் காய்ப்புகளைப் பயன்படுத்தினார்கள். கடுக்காய் ஏற்றிய துணியில், பனைவெல்லத்தோடு துருவேறிய இரும்பை ஊறவைத்த நீரால் தீட்டும் நம் கலம்காரிக் கறுப்பும் இந்தக் குடும்பத்தின் கிளைதான். இந்தக் கறுப்புக்கு ஒரு குணம் உண்டு: காலம் போகப்போகப் பழுப்பாகும், அதோடு நில்லாமல் தன்னைத் தாங்கிய துணியையும் அரித்துவிடும். பின்னர் மத்திய அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த லாக்வுட் மரத்தின் வைரம் கம்பளிக்கும் பட்டுக்கும் ஆழ்ந்த கறுப்பைத் தந்தது. வெயிலும் வியர்வையும் பட்டால் அதுவும் நிறம் மாறியது. 1863இல் லங்காஷயரின் ஜான் லைட்ஃபுட் அனிலின் கறுப்புக்குக் காப்புரிமை பெற்றபோது பருத்திக்கு விடிவு பிறந்ததாக எண்ணினார்கள். ஆனால் அமிலப் புகை பட்டால் அது பச்சை தட்டியது. நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்த நாட்டில் இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இருந்திருக்க முடியாது.

இவ்வளவு சிக்கலையும் மீறி ஒரு தேசமே கறுப்பணிந்த காலம் ஒன்று உண்டு. 1861 டிசம்பர் 14இல் இளவரசர் ஆல்பர்ட் இறந்தார். அவர் மனைவி விக்டோரியா மகாராணி அன்று எடுத்த கறுப்பை 1901இல் தாம் இறக்கும்வரை விடவில்லை. நடுத்தரக் குடும்பத்து விதவைக்கும் இரண்டு, இரண்டரை ஆண்டு துக்க உடை விதிக்கப்பட்டிருந்தது. அதன் முதற்கட்டத்தில் பளபளப்பே கூடாது. சூடான உருளைகளால் சுருக்கம் ஏற்றிய, ஒளிராத கிரேப் பட்டுத்தான் போர்த்த வேண்டும். இதை அடக்கத்தின் அடையாளம் என்கிறார்கள் பண்பாட்டு வரலாற்றாசிரியர்கள். தையற்காரர் பார்வையில் காரணம் இன்னும் எளிது: இரண்டு கறுப்புகளின் பகையைக் காட்டிக்கொடுப்பது பளபளப்பு, பளபளப்பைத் தடைசெய்தால் பகை பாதி அடங்கும். லண்டன் ரீஜென்ட் தெருவில் 1841 முதல் இயங்கிய ஜேயின் துக்க உடைப் பண்டகசாலை, தொப்பி முதல் பாவாடை வரை அத்தனையும் ஒரே கூரையின் கீழ் விற்றுக் கொழித்ததற்கும் இதுவே காரணம் என்க. இழவு விழுந்த வீட்டார் கடைகடையாக ஏறி இறங்கி மேட்ச் பார்க்க முடியுமா?

கிரேப்பின் மற்றொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். மழை பட்டால் அது புள்ளி புள்ளியாகக் கெட்டுப்போகும். சாயம் இறங்கிக் கழுத்திலும் கையிலும் ஒட்டும். மழைக்குப் பேர்போன நாட்டில் இரண்டாண்டு உடுத்த வேண்டிய துணி இது.

துக்கத்தின் கடைசிக் கட்டத்தில் சாம்பல் நிறமும் வெளிர் ஊதாவும் அனுமதிக்கப்பட்டன. துயரம் படிப்படியாகக் குறைவதன் குறியீடு இது என்பர். யாம் அதை, சட்டம் இயற்றியவர்களின் இரக்கம் என்போம். இதற்கு அரச குடும்பத்திலேயே சான்று உண்டு: நாற்பதாண்டு கறுப்போடு மல்லுக்கட்டிய விக்டோரியா, தமது இறுதிச் சடங்கு வெண்ணிறத்தில் நடக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். வெள்ளை உடையும் மணநாள் முக்காடுமாகத்தான் பெட்டிக்குள் வைக்கப்பட்டார்.

இனி, சேகரிப்போர் படும் பாடு. பழைய உடை வாங்குவோருக்கு ஜிப்பும் உள்தையலும்தான் ஜாதகம். பக்கவாட்டில் உலோக ஜிப் இருந்தால் 1930கள் முதல் 50கள் வரை எனக் கொள்ளலாம். முதுகில் நைலான் ஜிப் என்றால் அறுபதுகளோ அதற்குப் பிறகோ. துணி வெட்டிய ஓரம் ரம்பப் பல் கத்தரியின் நெளிவோடு இருந்தால் மனம் குளிரும். ஓவர்லாக் தையல் இருந்தால் விற்பவரிடம் பேரம் பேசும் தைரியம் வரும். CC41 முத்திரை கண்ணில் பட்டால் பேச்சு எழாது. போர்க்கால பிரிட்டன் சிக்கன உடைகளுக்கு இட்ட அந்த அடையாளம் 1952 வரை நீடித்தது. இவையெல்லாம் காலத்தைச் சொல்லும். கறுப்பு என்ன கறுப்பு என்பதை எதுவும் சொல்லாது. கடையின் மங்கல் வெளிச்சத்தில் மையிருட்டாகத் தெரிந்த 1940களின் ரேயான் கிரேப் கவுனை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலருகே விரித்தால், எத்தனையோ ஆண்டு அலமாரிக் கதவிடுக்கில் ஒளி வாங்கிய ஒரு தோள் மட்டும் செம்பழுப்பாக இளிக்கும். துவைத்தால் சரியாகும் என்று தண்ணீரில் போட்டவர்கள், வெளியே எடுக்கும்போது அது ஒரு சிறுமிக்கான கவுனாகச் சுருங்கியிருக்கக் கண்டார்கள்.

பட்டுக் கவுன்களின் கதை இதைவிடக் கொடிது. கச்சாப் பட்டின் பசையை நீக்கினால் எடை ஏறத்தாழக் கால்பங்கு குறையும். பட்டு எடைக்கு விலைபோகும் சரக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாயப்பட்டறைக்காரர்கள் குறைந்ததை உலோக உப்புகளால் ஈடுகட்டினார்கள், பிறகு ஈட்டுக்கு மேலேயும் ஏற்றினார்கள். கறுப்பில் எதை ஏற்றினாலும் தெரியாது என்பதால் அதிகம் சுமந்தது கறுப்புப் பட்டுதான். நடந்தால் சரசரக்கும் அந்தக் கம்பீரம் தகரத்தின் உபயம். இன்று அத்தகைய கவுனை மடிப்புப் பிரித்தால், மடிப்புக் கோடுகள் நெடுகக் கத்தியால் கீறியதுபோல் தானே கிழிகிறது. நிறம் மட்டும் அப்படியே இருக்கும், அதுதான் கொடுமை.

எனவே தாமே தைத்துக்கொள்வது என்று சிலர் துணிகிறார்கள். இவர்களுக்குக் காத்திருக்கும் முதல் சோதனை நூல். குட்டர்மான் நூல் அட்டையில் வெள்ளையை ஒட்டிப் பால் வெள்ளை, தந்த வெள்ளை என்று உறவினர் கூட்டமே உண்டு. கறுப்பின் எண் 000. மூன்று சுழி போட்டு அந்த நிறுவனம் எதையோ உணர்த்த விரும்பியிருக்கிறது. அடுத்தது வெல்வெட். அதன் நுண்ணிழைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். மேல்நோக்கி நின்றால் அடர் கறுப்பு, கீழ்நோக்கி நின்றால் வெளிறிய மினுக்கம். துணி மிச்சம் பிடிக்க நினைத்து ஒரு துண்டைத் தலைகீழாகப் போட்டு வெட்டிவிட்டால், ஒரே சுருளில் வாங்கிய ஒரே துணி தன்னோடு தானே சேராமல் போய்விடும். எமது கொள்கைக்கு இதைவிட வலுவான சான்று வேண்டா. இஸ்திரிப் பெட்டியை நேரே வைத்தால் இழைகள் படுத்துவிடும், பிறகு எழுந்திரா. இன்னொரு வெல்வெட் துண்டை முகத்தோடு முகம் வைத்து ஆவி காட்ட வேண்டும். இரவு விளக்கில் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் போட்ட தப்புத் தையலைப் பிரிக்கும்போது நூல் எது, துணி எது என்று தெரியாமல் துணியை அறுத்துக்கொள்வதும் உண்டு. கோத் குலத்தின் இலக்கியத்தில் காணப்படும் சோகச்சுவையின் ஊற்றுக்கண் இதுவாக இருக்கலாம், தனி ஆய்வுக்குரியது.

கடைசிப் புகலிடம் சாயம். சேராத எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டுக் கறுப்பாக்கிவிட்டால் வழக்கு முடிந்ததல்லவா என்று கேட்கலாம். வீட்டுச் சாயப் பொடி பருத்தியைப் பிடிக்கும், ரேயானைப் பிடிக்கும். பாலியஸ்டரை அது சீண்டுவதில்லை. அதற்கென்று தனி வகைச் சாயம், ஆலையில் 130 டிகிரிச் சூட்டில், அழுத்தத்தோடு ஏற்ற வேண்டும். இன்றைய உடைகளில் துணி பருத்தியாக இருந்தாலும் தைத்த நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். ஆதலால் வெளிர் ரோஜா நிறக் கவுனொன்றைச் சாயத் தொட்டியில் போட்டுக் கிளறி, அலசி, உலர்த்தி எடுத்தால், கவுன் கறுப்பாகவும் அதன் ஒவ்வொரு தையலும் வெளிர் ரோஜாவாகவும் வெளிவரும். தையற்காரன் எங்கெங்கே போனான் என்று வரைபடம் போட்டதுபோல் இருக்கும்.

ஒளி பற்றிய சான்றுகளுக்கு வருவோம். லுகோசி நடித்த 1931ஆம் ஆண்டு டிராகுலா படத்தில் கோமகனின் கோட்டும் மேலங்கியும் அப்பழுக்கில்லாமல் மேட்ச் ஆகின்றன. படம் கறுப்பு வெள்ளை. பேட்கேவ் போன்ற விடுதிகள் இருண்டிருந்தது அங்கே வந்தவர்கள் செய்த புண்ணியம். யார்க்‌ஷயர் கடற்கரையில் விட்பி என்ற ஊர் உண்டு. நாவலாசிரியர் பிராம் ஸ்டோக்கர் 1890இல் அங்கே தங்கி, பின்னர் தம் நாவலில் டிராகுலாவைக் கரையேற்றிய ஊர். துக்க நகைகளுக்கான ஜெட் கல் எடுத்த ஊரும் அதுவே. 1994 முதல் கோத் குலத்தார் அங்கே திருவிழா கூடுகிறார்கள். பட்டப்பகலில் கோர்செட்டும் தரைதொடும் பாவாடையுமாக மாதா கோவிலுக்குப் போகும் 199 படிகளில் ஏறுகிறார்களே, கொள்கை என்னாவது என்று எதிர்த்தரப்பு துள்ளும். அக்டோபர் இறுதியில் அங்கே மாலை ஐந்துக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடுகிறது என்பதையும், வடகடலிலிருந்து கிளம்பும் மூடுபனி அப்பகுதிக்குப் பேர்போனது என்பதையும் எதிர்த்தரப்பு கவனிக்கவில்லை. ஜப்பானின் கோதிக் லோலிடா பெண்கள் ஹராஜுகு வெயிலில் உலவுவதையும் காட்டுவர். அவர்கள் கையில் லேஸ் வைத்த கறுப்புக் குடை இருக்கிறது. நிழலைத் தாமே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்.

2014இல் பிரிட்டனின் சர்ரே நானோசிஸ்டம்ஸ் நிறுவனம், தன்மேல் பட்ட ஒளியில் 99.965 விழுக்காட்டை விழுங்கும் வான்டாபிளாக்கை அறிவித்தது. கார்பன் நுண்குழாய்களை நெருக்கமாக வளர்த்த பூச்சு அது. மிச்சம் விடாத கறுப்பு கிடைத்துவிட்டது, ஆனால் அதில் ஊசி இறக்க முடியாது.

எல்லாவற்றினும் பெரிய சான்று மூல நூலிலேயே இருக்கிறது. பிற்காலப் படங்கள் சொல்வதுபோல் ஸ்டோக்கரின் 1897 நாவலில் டிராகுலா வெயிலில் எரிந்து சாம்பலாவதில்லை. லண்டன் தெருக்களில் பகலிலேயே நடமாடுகிறான். லண்டனை விட்டு ஓட, மாலை ஐந்து மணியளவில் கப்பல் பிடிக்கத் துறைக்கு வருகிறான். அவனைக் கண்டவர்கள் சொன்னதாக, அவனைத் துரத்திவரும் வான் ஹெல்சிங் தரும் அடையாளம்: உடம்பெல்லாம் கறுப்பு, தலையில் மட்டும் அவனுக்கும் ஒவ்வாத, பருவத்துக்கும் ஒவ்வாத வைக்கோல் தொப்பி. அக்டோபர் மாதத்தில் வைக்கோல் தொப்பி! உரையாசிரியர்கள் இந்த இடத்தைக் கண்டும் காணாமல் போய்விடுகிறார்கள். பல நூற்றாண்டு கறுப்பில் ஊறிய ஒருவன், இன்னும் வெளிச்சம் இருக்கும் நேரத்தில் கறுப்புக் கோட்டுக்கு மேல் கறுப்புத் தொப்பி வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாதவனா? சேராத கறுப்பை விடச் சம்பந்தமே இல்லாத மஞ்சள் மேல் என்ற முடிவுக்கு அவன் வந்திருக்கிறான். இன்றைய கோத் தையற்காரர்கள் கோட்டுக்கும் பாவாடைக்கும் இடையே வெள்ளை லேஸ் ஒன்றைச் செருகி இரண்டு கறுப்பையும் விலக்கி வைப்பது அதே மரபின் தொடர்ச்சி.

ஆய்வில் எஞ்சியிருப்பது பூனை. வெல்வெட்டில் உதிர்ந்த மயிர் தெரியக் கூடாது என்பதற்காகவே கறுப்புப் பூனை வளர்ப்போர் இக்குலத்தில் உண்டு. ஜன்னலோரம் வெயில் காய்ந்த கறுப்புப் பூனையின் மயிர், நாளடைவில் செம்பழுப்பாக வெளுக்கிறது.