கரித்துண்டும் நடுப்பக்கமும்

கேள்வி: கீழடியைப் பற்றி நாளிதழ் நடுப்பக்கங்களில் ஆளுக்கொன்று எழுதுகிறார்களே, யாரை நம்புவது?
– ஒரு வாசகர், திருப்புவனம்

பதில்: கட்டுரைக்குள் கீழடியின் கரித்துண்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். 2018-ல் நான்காம் கட்ட அகழாய்வில் எடுத்த ஆறு கரி மாதிரிகள் அமெரிக்காவின் மயாமி ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒன்றின் காலம் கி.மு. 580 என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்டது. அருமையான செய்தி. அதுவே போதும். ஆனால் முதல் பத்தியில் கரித்துண்டாக இருப்பது மூன்றாம் பத்தியில் பெருநகரமாகி, கடைசியில் உலகின் மூத்த நாகரிகமாகி நிற்கிறது. இடையில் ஆதாரம் ஏதும் கூடவில்லை, குரல்தான் ஏறியிருக்கிறது.

எதிரணியின் சாமர்த்தியம் வேறு. ‘இன்னும் ஆய்வு தேவை’ என்று முடித்துக்கொள்வார்கள். முதல் இரண்டு கட்டங்களைப் பற்றி, அவற்றை நடத்திய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023-ல் கொடுத்த 982 பக்க அறிக்கையில் எந்தப் பக்கம் தவறு? சொல்ல மாட்டார்கள். எனக்கு இவர்கள்மேல்தான் கோபம் அதிகம். மிகைப்படுத்துகிறவரை ஓர் எண்ணைக் காட்டி மடக்கலாம். எதையுமே சொல்லாதவரை எப்படி மடக்குவது?

அருங்காட்சியகம் உங்கள் ஊருக்குப் பக்கம்தானே. பெயர் கீறிய பானை ஓடுகளை ஒருமுறை பார்த்துவிட்டு, கட்டுரையை மறுபடி படியுங்கள்.